ஒலுவிலில் இறங்குங்கள், மட்டக்களப்பில் ரயில் ஏறுங்கள்: கிழக்குக் கரையில் ஒரு கிழமை

கொழும்பிலிருந்து ஏ4 பெருந்தெருவில் கிழக்கே வரும் சுற்றுலாக் குழுக்களில் பெரும்பாலானவை பொத்துவிலில் வலப்பக்கம் திரும்பி அறுகம்குடாவுக்குப் போய்விடுகின்றன. இடப்பக்கம் திரும்பினால் அதே தெரு திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு ஏறும். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரை போல் இலங்கையில் வேறொரு கரை இல்லை. பெரும்பாலானோர் இதை வேன் யன்னலால் மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிழமை ஒதுக்கி, வழிகாட்டியோடு இதைச் சுற்றிப் பார்க்க விரும்பும் குழுவுக்கானது இந்த அத்தியாயம்.

ஒலுவிலைத் தொடக்கமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. பொத்துவிலுக்கும் மட்டக்களப்புக்கும் இடையே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில், பெருந்தெருவிலிருந்து சற்று ஒதுங்கி இருக்கிறது. இங்கிருந்து வடக்கு, தெற்கு, மேற்கு எந்தப் பக்கம் போனாலும் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஊருக்குள் தங்குமிடங்கள் குறைவு என்பதால் பெரிய குழுவென்றால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அறை பிடியுங்கள். இரண்டுமே அருகில்தான்.

யார் பேசப்போகிறார்?

ஸ்பெய்னில் தொலேடோ, குர்துபா, இஷ்பீலியா, கர்னாதா நகரங்களை ஒரு கிழமையில் காட்டும் குழுப் பயணங்கள் பெயர்பெற்றவை. அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. குழுவோடு முழுப் பயணமும் ஒருவர் வருவார். அறை, சாப்பாடு, பஸ், நேரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு நகரத்திலும் அங்குள்ள வழிகாட்டி வந்து சேர்ந்துகொள்வார். அந்த ஊரைப் பற்றிப் பேசுவது அவர்தான். குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 785 அளவில் கட்டத் தொடங்கப்பட்டது. 1236இல் நகரம் கைமாறியதும் அது தேவாலயமானது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. அப்படிப்பட்ட கட்டடத்தின் முன்னால் நின்று பேசுகிறவருக்கு இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

நமது கரையிலும் நிலைமை இதேதான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. நாடு முழுவதற்குமான வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, குறிப்பிட்ட இடத்துக்கான வழிகாட்டி, வாகனமும் ஓட்டும் சாரதி வழிகாட்டி என்று வகைகள் உண்டு. கொழும்பிலிருந்து வரும் சாரதி வழிகாட்டி சிகிரியாவையும் கண்டியையும் மனப்பாடமாகச் சொல்வார். பாண்டிருப்பின் தீமிதிப்பு உற்சவமான தீப்பள்ளயத்தைப் பற்றிக் கேட்டால் திணறுவார். அது அவர் குற்றமல்ல. ஆகவே அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைப் பயணம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மணி நேரமாவது பேச அந்த ஊர்க்காரர் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருப்பவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், நெசவாளி, கரைவலைக் குழுவை நடத்தும் தண்டயல் என்று யாராகவும் இருக்கலாம். அவருக்கான அன்பளிப்பைப் பயணச் செலவில் தனியாக எழுதி வைத்துக் கையில் கொடுங்கள். "ஊர் ஆள்தானே, சும்மா வருவார்" என்று விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

எப்போது வருவது?

வடகீழ்ப் பருவ மழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே கொட்டும். வயல் வெள்ளத்தில் கிடக்கும், கடலும் கொந்தளிக்கும். பெப்ரவரி முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். பெப்ரவரி, மார்ச்சில் வந்தால் பெரும்போக அறுவடையைக் காணலாம். மே முதல் ஓகஸ்ட் வரை வெயில் கடுமை. காலை ஆறரைக்குப் புறப்பட்டு, நண்பகலில் மூன்று மணி நேரம் ஓய்ந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு மீண்டும் நடப்பதாக நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். முஸ்லிம் ஊர்களில் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் வெறிச்சோடும். அந்த நாளைத் தீகவாபிக்கோ மலைப் பக்கத்துக்கோ கொடுக்காமல் கல்முனையிலேயே வைத்தால், ஜும்ஆ முடிந்து ஊர் வெளியே வரும் காட்சியைப் பார்க்கலாம். போயா தினத்தில் விகாரைகள் நெரிசலாக இருக்கும். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டுக்கு வழி பார்ப்பது கடினம். ஆனால் இஃப்தார் வேளையில் இந்த ஊர்களில் இருப்பது பெரும் பேறு. குழு சிறிதாகவும் பொறுமையுள்ளதாகவும் இருந்தால் நோன்பிலும் வரலாம்.

முதல் நாள்: ஒலுவில்

இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர்களை உடனே அலைக்கழிக்க வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடங்குங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவாகி, 1996இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த நிறுவனம் இது. யுத்த காலத்தில் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பிள்ளைகளை அனுப்ப அஞ்சியிருந்த பெற்றோருக்கு இது என்னவாக இருந்தது என்பதை ஒலுவில்காரர் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். இதன் பின்னால் நின்றவர் சம்மாந்துறையில் 1948இல் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃப். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் நிறுவுநர், அமைச்சர், கவிஞரும் கூட. 'நான் எனும் நீ' என்பது அவரது கவிதைத் தொகுப்பு. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். 2003 ஜனவரியில் முஸ்லிம்களின் அரசியல் உரிமையை முன்வைத்த ஒலுவில் பிரகடனம் வெளியிடப்பட்டதும் இந்த வளாகத்தில்தான். வளாகத்துக்குள் குழுவாகப் போக முன் அனுமதி வேண்டும். பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே எழுதுங்கள்.

மாலையில் கடற்கரை. வெளிச்சவீட்டுப் பக்கம் போய், பிறகு துறைமுகத்தைப் பாருங்கள். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைப்பட்டது. மணல் துறைமுக வாயில் குவிந்தது. வடக்கே ஒலுவில் கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் கடல் நிலத்தை விழுங்கத் தொடங்கியது. தென்னந்தோட்டங்கள் போயின, கரைவலை இழுத்த இடங்கள் போயின. கருங்கல் போட்டு மறித்த இடங்களைக் காணலாம். கலாசாரச் சுற்றுலாவில் இதை ஏன் காட்ட வேண்டும் என்று சில ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். கரைவலை வாடி ஒரு பண்பாட்டு நிலையம்; வலை இழுக்கும்போது பாடும் அம்பாவும் தண்டயலின் கணக்கும் மீன் பங்கும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. கரை இல்லாவிட்டால் அவையும் இல்லை. ஆகவே காட்டத்தான் வேண்டும். வலை இழுக்கும் நேரத்தில் போனால் கயிற்றில் கை வைக்கச் சொல்வார்கள், தயங்காமல் பிடியுங்கள்.

இரண்டாம் நாள்: காரைதீவிலிருந்து மருதமுனை வரை

இந்தக் கிழமையின் கனமான நாள் இது. தூரம் மிகக் குறைவு, பார்க்க வேண்டியது மிக அதிகம்.

களியோடைப் பாலத்தைக் கடந்து நிந்தவூர் வழியாகக் காரைதீவு. சுவாமி விபுலானந்தர் 1892இல் மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழைக் கணக்கோடு ஆராய்ந்த 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19இல், அவர் மறைந்தார். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கண்ணகி அம்மன் கோயிலையும் பாருங்கள். கிழக்கில் பல கண்ணகி கோயில்கள் வைகாசிச் சடங்குக் காலத்தில் மட்டுமே திறக்கும் என்பதால், கண்ணகி வழிபாட்டை நேரில் காண விரும்பும் குழு பயணத்தையே வைகாசிக்கு வைக்க வேண்டும்.

அடுத்து கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது. வலியுல்லாஹ் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். இங்கே கப்று கிடையாது. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் முதல் பிறையில் மினாராவில் கொடியேற்றம். பன்னிரண்டு நாள் விழா, கடைசியில் கந்தூரி. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தர்காவோடு ஒரு மீனவ ஊர் கொண்ட உறவு இது. நாகூரில் கொடி ஏறும் காலத்திலேயே இங்கும் ஏறுகிறது. ஹிஜ்ரி மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும், எனவே பழைய நாட்காட்டியை நம்பாமல் அந்தந்த ஆண்டின் பிறையைக் கேட்டறியுங்கள். விழாக் காலத்தில் தமிழரும் வருவார்கள், நேர்ச்சை வைப்பார்கள். தர்கா வழக்கங்களை மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று சொல்பவர்களும் இதே ஊரில் உண்டு. அந்த வாதத்தில் விருந்தாளி தலையிட வேண்டாம். இரு தரப்பாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

பள்ளிவாசல்களுக்குள் போகும் முன் பெண்களுக்கு இடமிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. இல்லாத இடத்தில் பெண்களை வேனில் உட்கார வைத்துவிட்டுப் போகும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். மனம் நோகிறது. அந்த நேரத்துக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில் ராத்தாமார் யாராவது வரவேற்கும்படி ஒழுங்குசெய்வது சிரமமில்லை. சொல்லப்போனால் அங்கேதான் ஊரின் முக்கியமான செய்தியைக் கேட்கலாம். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் கல்யாணம் முடிக்கும்போது வீடு அவள் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். குடி என்னும் தாய்வழி வம்சப் பிரிவு முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் இருக்கிறது. பள்ளிவாசல் மரைக்காயர்களும் கோயில் வண்ணக்கர்களும் குடி வழியாகத் தெரிவான வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இதை ஆராய்ந்து விரிவான நூல் எழுதியிருக்கிறார். உம்மா மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் திண்ணையில் இருந்து இதைக் கேட்பதற்கு ஈடாக எந்த நூதனசாலையும் வராது.

பகல் சாப்பாட்டைச் சஹனில் ஒழுங்குசெய்யுங்கள். பெரிய தட்டத்தைச் சுற்றிப் பலர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. முதல் கவளத்தில் தயங்கும் விருந்தாளிகளும் வட்டிலப்பம் வரும்போது பக்கத்தில் இருப்பவரோடு உறவாகிவிடுவார்கள். பிறகு எருமைத் தயிரும் பாணியும்.

அங்கிருந்து பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில். புரட்டாதியில் பதினெட்டு நாள் தீப்பள்ளய உற்சவம் நடக்கும். பாண்டவர் வனவாசம் போவது ஊர்த் தெருக்களில் ஊர்வலமாக நடக்கும், இறுதியில் தீமிதிப்பு. அந்த நாட்களில் வருபவர்கள் வாகனத்தை ஊருக்கு வெளியே விட்டு நடந்து போவதே நல்லது.

கடைசியாக மருதமுனை. கைத்தறிச் சாரமும் சேலையும் இந்த ஊரின் அடையாளம். தறிக் கொட்டிலில் பாவு ஓடுவதையும் சாயம் போடுவதையும் பார்க்க மாலை நான்குக்கு முன் போய்விடுங்கள், அதன் பிறகு தறிகள் ஓய்ந்துவிடும். வாங்க விரும்பினால் நெசவாளியிடமே வாங்குங்கள், விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். பக்கத்தில் பெரியநீலாவணை, கவிஞர் நீலாவணனின் ஊர். கல்முனைக்குடியில் பிறந்தவர்தான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்த எம்.ஏ. நுஃமான். இலக்கியக் குழுவென்றால் இங்கே ஒரு மாலை உரையாடல் வைக்கலாம், கேட்க ஆட்கள் தாமாக வருவார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிகமான உயிர்களை எடுத்தது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் நிற்கும்போது வழிகாட்டி அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஊரவரைப் பார்த்து "உங்கள் வீட்டில் யார் போனார்கள்" என்று குழுவிலிருந்து எவரும் கேட்க அனுமதிக்கக் கூடாது.

மூன்றாம் நாள்: வயலும் மலையும்

கரையிலிருந்து மேற்கே திரும்பினால் வட்டை வட்டையாக வயல். அதன் நடுவே தீகவாபித் தூபி. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படும் செங்கல் தூபி, பௌத்தர்களின் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்று. வெள்ளை உடை, மூடிய தோளும் முழங்காலும், வெறுங்கால், வெறுந்தலை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பது அவமதிப்பு. சுற்றியுள்ள நிலம் பற்றிப் பல ஆண்டுகளாக மனக்கசப்பு இருக்கிறது. விகாரையில் சிங்கள வழிகாட்டி ஒருவரையும், திரும்பும் வழியில் அந்த வட்டையில் தலைமுறையாகச் செய்கை பண்ணும் விவசாயி ஒருவரையும் பேச வையுங்கள். இருவரும் தூபியைப் பற்றி மதிப்போடுதான் பேசுவார்கள் என்பதைக் கேட்பவர்கள் தாங்களாகவே உணர்வார்கள்.

வயலுக்கு நீர் வருவது இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து. பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம், நாட்டிலேயே பெரியது. மேட்டில் புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இதைத் தெரியாமல் இந்தக் கரையின் அரசியலும் விளங்காது, நெல்லும் விளங்காது.

நடக்கத் தெம்புள்ள குழு அம்பாறை நகரிலிருந்து உகன வழியாக இராஜகலவுக்குப் போகலாம். காட்டுக்குள் பரந்து கிடக்கும் பழைய துறவிமடம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. ஏற்றம் உண்டு, நிழல் இடையிடையே மட்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மாலை நான்குக்குள் இறங்கிவிட வேண்டும், யானை நடமாடும் பகுதி. முதியோர் இருக்கும் குழுவுக்கு நகரத்துக்கு அருகிலுள்ள புத்தங்கல போதும்.

நான்காம், ஐந்தாம் நாள்: தெற்கே

அக்கரைப்பற்றைத் தாண்டினால் திருக்கோவில். கடலோரத்தில் சித்திர வேலாயுத சுவாமி கோயில், ஆடி அமாவாசையில் கடற்கரை கொள்ளாத கூட்டம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் இங்கே தங்கி, சங்கமன்கண்டியைக் கடந்து உகந்தைக்கு நடப்பார்கள். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்குக் கோடி.

பொத்துவில் கடற்கரையில் முகுது மகா விகாரை. மணலில் நிற்கும் புத்தர் சிலையும் இரு போதிசத்துவர் சிலைகளும், கல் தூண்களும். கடலில் அனுப்பப்பட்ட விகாரமகாதேவி கரையேறிய இடம் என்பது நம்பிக்கை. சுற்றியுள்ள காணிகள் யாருக்கு என்பதில் தொல்பொருள் திணைக்களத்துக்கும் குடியிருப்பாளர்களுக்கும் தகராறு நீடிக்கிறது. தீகவாபிக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும்.

அறுகம்குடாவில் இரவு தங்கலாம். அலைச் சறுக்கலுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உலகெங்கிலுமிருந்து வருவார்கள். அதைப் பற்றி எழுத வேறு புத்தகங்கள் நிறைய உண்டு.

மறுநாள் காலை லகுகலவில் மகுல் மகா விகாரை. காட்டுக்குள் அமைதியாகக் கிடக்கிறது. காவன்தீசனுக்கும் விகாரமகாதேவிக்கும் மணம் நடந்த இடமாக மக்கள் சொல்வார்கள். இங்குள்ள சந்திரவட்டக் கல்லில் யானைகளின் மேல் பாகர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பார்த்த கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே படும். படாதவர்களுக்கு வழிகாட்டி நிறுத்திக் காட்ட வேண்டும். ஜூலையில் வந்தால் உகந்தை முருகன் கோயில் வரை போங்கள். காட்டுப் பாதை திறக்கும் நாட்களில் அடியார்கள் அங்கிருந்து குமணை, யால காடுகளுக்குள் இறங்குவதைக் காணலாம். அன்றிரவு கல்முனைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆறாம் நாள்: காத்தான்குடி, கல்லடி

கல்லாற்றுப் பாலத்தைக் கடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. பழைய வீடு, பள்ளிக்கூடம், கல்யாணம், கடை என்று கிழக்கு முஸ்லிம்களின் வாழ்க்கையை ஆளுயர உருவங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் நாளில் திண்ணையில் கேட்டது இங்கே கண்முன் வரும்.

அதே ஊரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு தொழுகையில் நின்றவர்கள் மீது விடுதலைப் புலிகள் சுட்டார்கள். அங்கும் ஹுசைனியாப் பள்ளியிலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சுவரில் சன்னத் துளைகளை மூடாமல் வைத்திருக்கிறார்கள். அதே மாதத்தில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கும் வழிகாட்டியை அடுத்த பயணத்துக்கு அழைக்காதீர்கள்.

கல்லடியில் விபுலானந்தர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அவரது சமாதியும். இரவில் பழைய கல்லடிப் பாலம். நிலவுள்ள, காற்றில்லாத இரவில் தோணியில் போய்த் துடுப்பை நீரில் விட்டுக் காதை வைத்தால் களப்பின் அடியிலிருந்து ஓசை எழும் என்பார்கள். பாடும் மீன் என்று மட்டக்களப்பு நகரம் சொல்லிக்கொள்வது அதைத்தான். பூரணையை ஒட்டி இந்த நாள் அமையுமாறு திட்டமிட்டால் நல்லது.

ஏழாம் நாள்: கோட்டை

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் களப்பை ஒட்டி நிற்கும் கோட்டையில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1628இல் கட்டுவித்தது. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தர் கைப்பற்றினர், இலங்கையில் அவர்கள் கையில் வீழ்ந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே.

இதைக் கட்டிய காலத்தில் போர்த்துக்கல்லை ஆண்டவன் ஸ்பெய்ன் மன்னன். 1580 முதல் 1640 வரை இரு நாட்டுக்கும் ஒரே முடி. அந்த முடியின் கீழ்தான் 1609 முதல் 1614 வரை ஸ்பெய்னில் மிஞ்சியிருந்த முஸ்லிம் வழிவந்தோர் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். 1626இல் இலங்கையின் போர்த்துக்கேயப் பகுதியிலிருந்த முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டனர். அவர்களை ஏற்றுக்கொண்ட கண்டி மன்னன் செனரத், ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாக வரலாறு கூறுகிறது. அதற்கு முன்பே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். இவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜும்ஆப் பயான்களில் குர்துபாவையும் கர்னாதாவையும் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்தக் கதையின் ஒரு கிளை தங்கள் களப்பங்கரையிலேயே முடிகிறது என்பது கோட்டைச் சுவரில் கை வைத்து நிற்கும்போது உறைக்கும். கண்டி மன்னன் பௌத்தன் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

நகரத்தில் பறங்கியர் சமூகம் இன்றும் வாழ்கிறது. வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் முதியோர் சிலர் இருக்கிறார்கள். வயலினோடு கஃப்ரிஞ்ஞா இசை கல்யாண வீடுகளில் கேட்கும். முன்கூட்டிக் கேட்டால் ஒரு மாலை இசைக்கவும் ஆடவும் வருவார்கள். அன்றே அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் கொழும்புக்கு ஏறலாம். சேவை நடக்கிறதா, எத்தனை மணிக்கு என்பதை நிலையத்திலேயே விசாரித்து ஆசனம் பதிவுசெய்யுங்கள்.

சில நடைமுறைகள்

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வேனில் அடங்கும் குழுவைத்தான் வீட்டுத் திண்ணைகள் தாங்கும். சாரதிக்கு இரவு தங்க அறையும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ளுஹர் வேளைக்கு எந்தப் பள்ளியில் நிறுத்துவது என்று முதல் நாளே சாரதியிடம் சொல்லிவிடுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டி வரலாம். ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவை. அவசர நோய் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன.

ஏற்பாட்டாளரிடம் முற்பணம் கொடுக்கும் முன் நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்குங்கள். கல்முனைக்குடியில் யார் பேசுவார், பாண்டிருப்பில் யார், தீகவாபியில் யார், காத்தான்குடியில் யார் என்று ஊர் ஊராகக் கேளுங்கள். நான்கு ஊருக்கும் ஒரே பெயரைச் சொன்னால் முற்பணத்தைக் கொடுக்காதீர்கள், வேறு ஏற்பாட்டாளரைப் பாருங்கள்.